அந்தியேட்டி இலையில் ஒரு கலியாண விளம்பரம்

அந்தியேட்டிச் சாப்பாடு ஒன்றைப் படம்பிடித்து, பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்து, 'உங்கள் இல்லத் திருமணங்களுக்கு நாடுங்கள்' என்ற வசனத்தோடு உலகத்துக்கு வெளியிட்டவன் நான். இறந்தவரின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து உறவினர் கூடி உண்ணும் சைவச் சாப்பாட்டைத்தான் சொல்கிறேன். எங்கள் விளம்பர நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். செய்தவன் நானாக இருந்தபடியால் எச்சரிக்கையோடு என்னை விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். வெற்றிக் கதை ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் இருந்த வெற்றிக் கதைகளை எல்லாம் வாடிக்கையாளர்களிடம் சொல்லித் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது இதுதான்.

நான் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரன். மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவக் குடும்பம். ஆகையால் சைவக் கிரியைகள் எனக்குப் பழக்கமில்லை என்று பிற்பாடு ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் நடந்த அந்தியேட்டிகளில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்து சாப்பிட்டவர்கள் எவரும் அதை நம்பவில்லை. அதைவிடக் கேவலம், நான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்ததே கல்வெட்டு எழுதித்தான். கோயில் கல்வெட்டு இல்லை. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பிரிவுத் துயர்ப் பாடல்கள் எல்லாம் சேர்த்து அச்சடித்து, அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் கொடுப்பார்களே, அந்தச் சிறு புத்தகம். ஊரில் பாதிப் பேருடைய நற்குணங்களை நான்தான் இயற்றினேன். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு அவை இருந்தனவா என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை. விளம்பரத் தொழிலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பிறகு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சேலை மலிவு விற்பனை அறிவித்தேன். மதில்களில் எழுதுவித்தேன். பத்திரிகைகளுக்கு விளம்பரம் செய்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பார்வையாளர் என்பவர் சைக்கிளில் போகிறவர். மதிலில் உள்ளதை ஒரு தரம் பார்ப்பார். அடுத்த சந்திக்குப் போவதற்குள் மறந்துவிடுவார். பிழை இருந்தால் அதையும் சேர்த்து மறந்துவிடுவார். எங்கள் தொழில் முழுவதும் அந்த மனிதருடைய மறதியை நம்பித்தான் நடந்தது. அவர் எப்போது சைக்கிளை விட்டு இறங்கினார், எப்போது சாய்கதிரையில் சாய்ந்துகொண்டு எங்கள் படத்தை நிறுத்தி நிறுத்தி, விரலால் பெருப்பித்துப் பார்க்கத் தொடங்கினார் என்பதை நான் கவனிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உரும்பிராயில் செல்வராசா அண்ணை என்று ஒருவர். தகப்பன் புகையிலை நட்ட செம்மண் காணியில், உழைத்ததையெல்லாம் போட்டு ஒரு திருமண மண்டபம் கட்டியிருந்தார். மண்டபத்துக்கு மனைவியின் பெயர். ஆனால் ஒருவரும் பதிவு செய்யவில்லை. புது மண்டபத்தில் முதல் கலியாணம் செய்து பரீட்சை பார்க்க எங்கள் சனத்துக்கு விருப்பமில்லை. இரண்டாவது கலியாணத்துக்கு எல்லாரும் தயார். ஆகவே செல்வராசா அண்ணை ஒரு முடிவெடுத்தார். தையில் நடக்க இருக்கும் தன் மகள் மதுராவின் கலியாணமே முதலாவதாக இருக்கட்டும். அதற்கு முன் நாலு பேருக்குத் தெரிய ஒரு விளம்பரம் வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். அழகான மண்டபம்தான். ஆனால் வெறும் மண்டபத்தைப் படம்பிடித்தால் பரீட்சை முடிந்த பள்ளிக்கூடம் போல இருக்கும். ஆட்கள் வேண்டும். பட்டுச் சேலை, வேட்டி, பந்தி, பரிமாறும் வேகம் எல்லாம் வேண்டும். ஆட்களுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஐப்பசி மழை பெய்தது. அயல்வீட்டில் ஒரு வயதான அம்மாவின் அந்தியேட்டி. முற்றம் முழுக்க வெள்ளம். பந்தல் போட வழியில்லை. மண்டபத்தில் சாப்பாட்டை வைக்கலாமா என்று வந்து கேட்டார்கள். அயலவருக்கு இல்லையென்று சொல்லச் செல்வராசா அண்ணைக்கு வாய் வரவில்லை.

எனக்கு அது தேவ செய்தியாகப் பட்டது. காலையில் கீரிமலைக் கடற்கரையில் கிரியை முடித்து, மதியம் சனம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் பட்டுடுத்தி இருந்தார்கள். முப்பத்தொரு நாளில் துக்கம் ஆறி, கண்டு கனகாலமான மச்சாள்மார் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். "எடுங்கோ, வெளியிலை இருக்கிறவையும் பாக்கட்டும்" என்றார்கள். என்னத்துக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செல்வராசா அண்ணைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"தம்பி, இது அந்தியேட்டிச் சாப்பாடெல்லே?"

"அண்ணை, மேலை இருந்து பாத்தால் இலை இலைதான், சோறு சோறுதான்."

"மேலை இருந்து ஆர் பாக்கிறது?"

தலைக்குமேல் பறந்துகொண்டிருந்த ட்ரோனைக் காட்டினேன்.

"நான் உதைக் கேக்கேல்லை," என்றுவிட்டு அவர் சாம்பார் வாளி நிற்கும் பக்கம் போய்விட்டார்.

படத்தைத் தொகுத்தவர் துவாரகா. உங்களுக்கு இன்றைக்குத் தலைவியாக இருப்பவர். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் டிஜிட்டல் பகுதி என்று சொல்லப்பட்ட ஒரே ஆள். யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் கேட்க, நான் தொழில் அனுபவத்தோடு சொன்னேன்: யாழ்ப்பாணத்தில் வசிக்கும், கலியாண வயதில் உள்ள இளைஞர், யுவதிகள். துவாரகா அப்படியே பொத்தானை அமத்தினார். முகநூலில் படம் ஏறியது. இருவரும் தேநீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது முதல் கருத்து லண்டனிலிருந்து வந்திருந்தது. கலியாண வயதைக் கடந்து பலகாலமான ஒரு பெண்மணி.

'உது எங்கடை பெரியம்மாவின்ரை அந்தியேட்டியெல்லோ?'

அதன் கீழே பாரிஸிலிருந்து ஒருவர்: 'ஓம். இலைக்குப் பக்கத்திலை கல்வெட்டுக் கிடக்கு, வடிவாப் பாருங்கோ.'

வடிவாகப் பார்த்தேன். ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு கல்வெட்டு. அட்டையில் அந்த அம்மா, கண்ணாடி போட்டுக்கொண்டு, ட்ரோனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்வெட்டு எழுதிப் பிழைத்தவன், ஒரு மண்டபம் நிறையக் கிடந்த கல்வெட்டைக் காணவில்லை.

அதற்குமேல் எங்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை. நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதினார்: 'மூண்டாம் வரிசையிலை சிரிக்கிறது எங்கடை மச்சாள். செத்தவீட்டுக்கு வராதவ சாப்பாட்டுக்கு வந்திருக்கிறா.' சிட்னியிலிருந்து: 'அந்தியேட்டி எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.' அதற்குப் பதில்: 'சொன்னது. நீங்கள் போன் எடுக்கேல்லை.' அதற்குப் பதில்: 'காணி எழுதேக்கை மட்டும் எங்கடை நம்பர் தெரிஞ்சதோ?' அந்தியேட்டிக்கு வடை போதாமல் போனதாக ஒருவரும், அது பொய் என்று இலையைப் பெருப்பித்துப் படமாகவே போட்ட இன்னொருவரும் மோதிக்கொண்டார்கள். இடையில் ஒன்றும் விளங்காத நல்ல மனிதர் ஒருவர் 'மணமக்களுக்கு வாழ்த்துக்கள்' என்று எழுதிவிட்டுப் போனார். அவருக்குக் கீழே வரிசையாக 'ஆழ்ந்த அனுதாபங்கள்', 'ஓம் சாந்தி'.

"சேர், பாக்கிற ஆக்களின்ரை ரீச் ஏறிக்கொண்டே போகுது," என்றார் துவாரகா. "காசு போடாமலே போகுது."

அவர் சொன்னது உண்மை. அந்த இயந்திரத்துக்கு வாழ்த்தும் தெரியாது, துக்கமும் தெரியாது. ஆட்கள் நின்று அடிபடுகிறார்கள் என்றால் அதற்குச் சந்தோஷம். இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டும். இந்த விஷயத்தில் அது எங்கள் ஊர்ச் சந்திகளில் நிற்பவர்களிடமிருந்து அதிகம் வேறுபடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பின்னேரம் எனக்கும் உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. என்னுடைய விளம்பரம் எதுவும் அதற்குமுன் நோர்வேவரை போனதில்லை.

அடுத்த நாள் காலையில் செல்வராசா அண்ணை மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"சுன்னாகத்திலை இருந்து சம்பந்தி போன் எடுத்தவர். மண்டபத்தை மாத்தச் சொல்லுறார். முதல் வைபவமே அந்தியேட்டியாப் போன இடத்திலை தங்கடை பிள்ளை தாலி கட்டாதாம்."

"அண்ணை, அவையோடை கதைச்சு..."

"நான் சொல்லுறதைக் கேளும். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை நான் இன்னொருத்தன்ரை மண்டபத்திலை வைச்சால், பேந்து ஆர் என்ரை மண்டபத்துக்கு வருவினம்? சொந்தப் பிள்ளைக்கே வேண்டாமெண்டு விட்டவன் எண்டுதானே சொல்லுவினம். பேந்து நான் அதுக்குள்ளை புகையிலைதான் காயப்போடோணும்."

மதுரா பொறுமையான பிள்ளை. போனை நீட்டினாள். "அங்கிள், என்ரை கலியாண மண்டபத்துக்கு எத்தினை பேர் ஓம் சாந்தி போட்டிருக்கினம் பாத்தீங்களோ? உதைப் பிறேம் போட்டு வாசலிலை மாட்டுவமோ?"

நெருக்கடி நேரத்தில் நிதானமாக முடிவெடுக்க வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்தான். என் நிதானத்தைப் பாருங்கள். முதலில் படத்தை அழித்தேன். அழித்த பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது. பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் அதைக் குடும்பக் குழுக்களில் போட்டார்கள். யாரோ என் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டுச் சோகப் புல்லாங்குழல் சேர்த்தார்கள். உள்ளதைச் சொன்னால் அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஏன் அழித்தார்கள், எதை மறைக்கிறார்கள் என்று கேள்வி எழுந்தது. பொழுதுபடுவதற்குள் பதிலும் வந்துவிட்டது: அந்தக் காணி முந்திச் சுடலையாம். செல்வராசா அண்ணையின் தகப்பன் அங்கே புகையிலைக் கன்றைத் தவிர வேறொன்றையும் தாட்டதில்லை.

அடுத்ததாக ஒரு விளக்கம் எழுதினேன். படித்தவன் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு. அதற்குப் பங்கம் வராமல் எழுதினேன். மனித வாழ்வின் நிலையாமை, அயலவரின் துயரில் பங்கெடுக்கும் எங்கள் மண்ணின் மாண்பு, மழை, வெள்ளம், மனிதநேயம். துவாரகா வாசித்துவிட்டுப் பதிவேற்றினார். முதலாவது கருத்து: 'உருக்கமான கல்வெட்டு. ஆர் எழுதினது?'

மூன்றாவதாகத்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சுன்னாகத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பன் சந்தைக்குப் பக்கத்தில் வெங்காய மொத்த வியாபாரம் செய்கிறவர். மூட்டைகளுக்கு நடுவே இருந்தார். கண் எரிய எரிய நான் என் கதையைச் சொன்னேன். அவர் என் கண்ணீரைப் பொருட்படுத்தவில்லை.

"தம்பி, எனக்கொண்டும் இல்லை. நான் வெங்காயம் விக்கிறவன். கண்ணீர் விடுறவை எல்லாம் செத்தவீட்டுக்காரர் இல்லையெண்டு எனக்குத் தெரியும். ரொறன்ரோவிலை என்ரை அக்காதான் உந்த மண்டபம் வேண்டாமெண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறா."

"அவவுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லேலாதோ?"

"நான் என்னத்துக்கு? உங்கடை விளம்பரம் அவவுக்குத்தானே போனது. நீங்களே சொல்லுங்கோ."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, என் தொழில் வாழ்க்கையில் என்னிடம் சொல்லப்பட்ட ஆகத் தெளிவான சந்தை ஆய்வு அதுதான். கலியாண வயது இளைஞர்கள் என்று நான் பொத்தானை அமத்துவித்தேன். அவர்கள் அதைப் பார்த்தார்களோ என்னவோ. பார்த்துத் தீர்மானித்தவர் ரொறன்ரோவில் சாய்கதிரையில் இருந்த பரமேஸ்வரி அக்கா. அவரைக் கேளாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு சேலை எடுக்க மாட்டார்கள் என்பது சுன்னாகச் சந்தையில் வெங்காயம் வாங்குகிறவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் சந்தைப்படுத்தல் செய்துகொண்டிருந்தேன்.

இசை எல்லாம் சேர்த்து இன்னொரு படம் செய்து அக்காவுக்கு அனுப்புவோம் என்றார் துவாரகா. வேண்டாம், மண்டபத்திலிருந்து அவவை நேரே கூப்பிடு என்றேன். "ஒராளுக்கு லைவோ, சேர்?" என்று அவர் முகத்தைச் சுழித்தார். இதை நான் ஏதோ வியூகம் வகுத்துச் சொன்னதாக நினைக்காதீர்கள். இன்னொரு படம் எடுக்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே பின்னேரம், அங்கே காலை. திரையில் பரமேஸ்வரி அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மண்டபத்தின் மூலையில் செல்வராசா அண்ணை தூணோடு தூணாக நின்றார்.

"நீரோ அந்தக் கல்வெட்டுக்காரன்?"

"ஓம், அக்கா."

தயாரித்து வைத்திருந்த நியாயத்தை எடுத்தேன். "அக்கா, நாங்கள் பிறந்து வளந்த வீடுகளிலை நல்லதும் நடந்திருக்கு, கெட்டதும் நடந்திருக்கு. அதுக்காக ஆரும் வீட்டை..."

"வீட்டை மாத்தேலாது, தம்பி. மண்டபத்தை மாத்தலாம்."

நியாயம் அத்தோடு முடிந்தது.

"சரி, சும்மா நிக்காமல் குசினியைக் காட்டும்."

குசினியைக் காட்டினோம். தண்ணீர் ஓடும் வழியைக் காட்டினோம். வாகனம் விடும் இடத்தைக் காட்டினோம். மலகூடத்தில் முழங்கால் ஏலாதவர்களுக்கு உயரமான இருக்கை உண்டோ என்று கேட்டார், காட்டினோம். "உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டிக் காட்டு, பிள்ளை" என்றார். துவாரகா போனோடு உள்ளே போய்ப் பூட்டிக் காட்டினார். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். பிறகு மணவறை வைக்கும் மேடைக்கு வந்தோம்.

"உதிலை நிண்டு கமராவைச் சுத்தும். கடைசி வரிசை தெரியுதோ பாப்பம்."

தெரிந்தது. அக்கா திரைக்குக் கிட்ட வந்தார்.

"போன வருசம் என்ரை பெறாமகளின்ரை கலியாணத்தை லைவிலை பாத்தனான். தாலி கட்டேக்கை நான் கண்டது கமராக்காரன்ரை முதுகு. உங்கடை அந்தியேட்டியிலை ஒவ்வொருத்தற்றை முகமும் தெரிஞ்சது. அந்த மனிசியை ஆரெண்டே எனக்குத் தெரியாது. எண்டாலும் இருந்து முழுக்கப் பாத்தனான்."

"ஓம், அக்கா," என்றேன்.

"எனக்கு இனிப் பிளேன் ஏறேலாது. டொக்டர் விடமாட்டன் எண்டிட்டார். உந்த மாப்பிள்ளைப் பொடியனைத் தூக்கி வளத்தது நான்."

செல்வராசா அண்ணை தூணை விட்டு முன்னுக்கு வந்தார். "அக்கா, உங்களுக்கெண்டு தனியா ஒரு கமரா வைப்பம். அதுக்குக் குறுக்கை ஒரு குஞ்சும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியாகம் செய்து மண்டபம் முழுக்கத் தண்ணி தெளியுங்கோ. அதையும் எனக்குக் காட்டோணும். மூலை முடுக்கு விடாமல்."

"காட்டுவம், அக்கா."

ஐயர் வந்து தெளித்தார். துவாரகா போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். "அந்தத் தூணுக்குப் பின்னாலை விழேல்லை" என்று ரொறன்ரோவிலிருந்து சொல்ல, ஐயர் திரும்பிப் போய்த் தூணுக்குப் பின்னால் தெளித்தார். அன்றிரவு குடும்பக் குழுவில் அக்கா ஒரு வரி எழுதினாராம்: 'மண்டபம் பாத்தனான். பிழையில்லை.' வேறு நாட்டவருக்கு இது சாதாரண வசனம். யாழ்ப்பாணத்தில் 'பிழையில்லை' என்பதற்குமேல் பாராட்டு கிடையாது. சுடலைக் கதையும் அந்த ஒரு வரியோடு அடங்கியது. என் வாழ்நாளில் நான் எழுதிய விளம்பர வசனம் ஒன்றுகூட அந்தளவு வேலை செய்ததில்லை.

தையில் கலியாணம் அதே மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு எதிரே அக்காவின் கமரா. அதற்குப் பக்கத்தில், காவலுக்கு நிற்பவர் போலச் செல்வராசா அண்ணை. பெண்ணின் தகப்பன் மேடையில் நிற்க வேண்டிய நேரத்தில்கூட அவரை அங்கிருந்து பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தாலி கட்டப் போகும் சமயம் துவாரகாவின் போனில் அக்காவின் குரல் கேட்டது.

"குறுக்கை நிக்கிற அந்த வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆளைத் தள்ளச் சொல்லு, பிள்ளை."

அந்த வெள்ளைச் சேட்டு நான்தான். தள்ளினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. துவாரகா போனை எட்டிப் பார்த்துவிட்டு, "அழுகிறா, சேர்" என்றார் மெதுவாக. பந்தி தொடங்கியதும் அக்கா தெளிந்துவிட்டார். அந்தியேட்டி வடை இதைவிடப் பொங்கி இருந்ததாக நேரலையின் கீழே எழுதியிருந்தார். இரண்டையும் அவர் தின்னவில்லை.

அதற்குப் பிறகு மண்டபத்துக்குப் பதிவுகள் வந்தன. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எல்லாம் வந்தன. அக்கா குடும்பக் குழுவில் பகிர்ந்த புண்ணியாகத்தைப் பார்த்தவர்கள்தான் முதலில் கேட்டார்கள். பின்பக்கச் சாப்பாட்டு மண்டபத்தை மட்டும் அந்தியேட்டிக்குத் தர முடியுமா, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கமரா வைப்பீர்களா என்றும் பலர் கேட்டார்கள். செல்வராசா அண்ணை பின்பக்கத்துக்குத் தனி வாசல் திறந்தார். இதையெல்லாம் பார்க்க, நான் திட்டமிட்டுச் செய்த பிரசாரம் ஒன்று கட்டம் கட்டமாக நிறைவேறியது போல எனக்கே தோன்றத் தொடங்கியது. மனிதன் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் கல்வெட்டுக்கு அளவில்லை.

அந்தத் துணிவில், சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ஒரு நாள் மண்டபத்துக்குப் போனேன். செல்வராசா அண்ணை கதிரைகளுக்கு உறை போடுவித்துக்கொண்டிருந்தார். நல்ல முகமாக இருந்தார். தேநீரும் தந்தார்.

"அண்ணை, இந்த வருச விளம்பரத்தையும் எங்களிட்டையே தாறியளோ?"

அவர் கையிலிருந்த உறையை உதறி, கதிரையில் போட்டு, சுருக்கம் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கு ஏன் வீண் அலைச்சல், தம்பி," என்றார். "விளம்பரத்துக்கு ஆரும் ஒராள் செத்தால் போதும்."